கயோட்டியை இனங்காண்பது எப்படி: ரொறன்ரோ பெரும்பாகத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபுறோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் முதலிய இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், காலையும் மாலையும் பூங்காக்களில் நடக்கும் முதியோர் குழுக்களுக்கும்:

கயோட்டி நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த வட அமெரிக்க விலங்கு. உருவத்தில் ஓநாய்க்கும் நரிக்கும் இடைப்பட்டது. 1823இல் தாமஸ் சே என்ற அமெரிக்க இயற்கையியலாளர் அதை முறைப்படி விவரித்து, கானிஸ் லட்ரான்ஸ் என்று பெயரிட்டார். அவர் அதைக் கண்டது மிசூரி ஆற்றங்கரையில், இன்றைய நெப்ராஸ்கா மாநிலத்தில். அக்காலத்தில் மேற்கின் புல்வெளிகளும் பாலைகளுமே அதன் வாழிடம். குடியேறிகள் காடுகளை வெட்டி வயலாக்கினார்கள். ஓநாய்களைச் சுட்டும் நஞ்சு வைத்தும் ஒழித்தார்கள். ஓநாய் விட்டுச்சென்ற இடத்தைக் கயோட்டி பிடித்துக்கொண்டு கிழக்கே பரவியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெற்கு ஒன்ராறியோவுக்கு வந்தது. 1980களில் கடற்பனியின் மேல் நடந்து நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று ஹவாய் நீங்கலாக அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், தெற்கே பனாமா வரையிலும் அது வாழ்கிறது. மனிதர் கடுமையாக வேட்டையாடிய பின்னரும் பரப்பை விரித்துக்கொண்ட பெரிய ஊனுண்ணி வேறொன்றைக் காட்டுவது கடினம்.

கிழக்கே வந்த வழியில் அது ஓநாய்களோடு கலந்தது. நாயின் மரபணுவும் சிறிது சேர்ந்தது. ஒன்ராறியோவில் காணப்படும் கிழக்குக் கயோட்டி அந்தக் கலப்பின் வழிவந்தது. பெரும்பங்கு கயோட்டிதான் என்றாலும் உடல் பெரிது. மேற்குப் பாலைநிலத்துக் கயோட்டி 9 முதல் 14 கிலோ இருக்கும். ரொறன்ரோவின் ஓடைக்கரையில் எதிர்ப்படுவது 14 முதல் 20 கிலோ வரை இருக்கலாம். இணையத்தில் முதலில் கிடைக்கும் படங்களில் பல அரிசோனாவிலோ கலிபோர்னியாவிலோ எடுத்தவை. அவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு ரூஜ் பள்ளத்தாக்கில் நடப்பவர், எதிரே நிற்பதை ஓநாய் என்றே எண்ணிவிடுவார். ரொறன்ரோ நகருக்குள் ஓநாய் வாழ்வதில்லை. "ஓநாய் வந்திருக்கிறது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தால், அது கயோட்டியாகவோ யாரோ வளர்க்கும் நாயாகவோதான் இருக்கும். பயமும் பரிவும் அளவு தப்புவது பெரும்பாலும் இந்த அடையாளக் குழப்பத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே அடையாளங்களை ஒழுங்காகத் தெரிந்துகொள்வது எல்லாவற்றுக்கும் முந்திய வேலை.

முதலில் பார்க்க வேண்டியது வால். அடர்ந்து தொங்கும் வால், நுனி கறுப்பு. நடக்கும்போதும் ஓடும்போதும் கயோட்டி வாலை முதுகு மட்டத்துக்குக் கீழே தாழ்த்தியே வைத்திருக்கும். நாய் ஓடத் தொடங்கினால் வாலைத் தூக்கும், வளைக்கும், ஆட்டும். தூரத்தில், மங்கிய வெளிச்சத்தில், நிறமே தெரியாதபோதும் இந்த ஒரு வேறுபாடு கைகொடுக்கும். வாலின் மேற்பக்கத்தில், அடியிலிருந்து சற்றுத் தள்ளி, கருமையான பொட்டு ஒன்று உண்டு. அது மணச்சுரப்பி இருக்கும் இடம்.

அடுத்தது முகம். மூக்கு நீண்டு ஒடுங்கியது. நெற்றியிலிருந்து மூக்குவரை சரிவு ஏறத்தாழ நேராக இறங்கும். காதுகள் தலைக்குப் பெரியவை. நிமிர்ந்து, நுனி கூர்ந்திருக்கும். கண் மஞ்சள். மார்பு குறுகலானது, கால்கள் நீண்டு மெலிந்தவை. முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு முன்கால்களும் ஒட்டினாற்போல் தெரியும். மேல்முடி சாம்பலும் பழுப்பும் கலந்தது. உதிர்ந்த முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இந்தக் கலப்பு எப்படி உண்டாகிறது என்பது விளங்கும்: ஒரே முடியில் வெளிறிய பட்டையும் கரிய நுனியும் மாறிமாறி இருக்கும். காதின் பின்புறம், மூக்கின் பக்கங்கள், கால்கள் செம்பழுப்பு. தொண்டையும் வயிறும் வெண்மை கலந்த மங்கல் நிறம்.

இதே விலங்கு பெப்ரவரியில் ஒரு மாதிரியும் ஜூலையில் வேறு மாதிரியும் தோன்றும். குளிர்காலத்தில் உள்முடி அடர்ந்து, கழுத்திலும் தோளிலும் முடி பொங்கி, 15 கிலோ விலங்கு 30 கிலோ விலங்கைப்போல நிற்கும். "ஓநாய்" என்ற கூக்குரல் குளிர்காலத்தில் கூடுவதற்கு இதுவே காரணம். கோடையில் முடி உதிர்ந்ததும் விலா தெரிகிறது, கால்கள் குச்சியாகின்றன, காதுகள் இன்னும் பெரிதாகத் தெரிகின்றன. நோயோ பட்டினியோ இல்லாத விலங்கைப் பார்த்து, "பாவம், சாப்பிட்டே பல நாளாயிற்று" என்று இரங்கிச் சோறோ இறைச்சியோ வைப்பவர்கள் இருக்கிறார்கள். இரக்கம் நல்லது. ஆனால் மெலிவு கோடைக் கயோட்டியின் இயல்பான தோற்றம். அதற்கு மனிதர் தரும் உணவு தேவையில்லை.

குழப்பம் தரும் மற்ற விலங்குகளைப் பிரித்தறிவதும் கடினமல்ல. செந்நரி சிறியது, 3 முதல் 7 கிலோ. கால்களின் கீழ்ப்பகுதி கறுப்பு, வால்நுனி வெள்ளை. வெள்ளை நுனி தெரிந்தால் அது கயோட்டியே அல்ல. ஜேர்மன் ஷெப்பர்ட் அல்லது ஹஸ்கி நாயின் மார்பு அகன்றது, மூக்கு தடித்தது, நெற்றிக்கும் மூக்குக்கும் இடையே படி இறங்கினாற்போல் ஒரு பள்ளம் இருக்கும். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ நரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கயோட்டியின் உடலமைப்பு பழக்கமானதாகத் தோன்றும். அங்கே நரி என்று சொல்லப்படும் குள்ளநரி கயோட்டியின் உறவினம்தான், ஆனால் உருவில் சிறியது.

ஓநாயிலிருந்து பிரிப்பது மட்டும் சில இடங்களில் உண்மையாகவே கடினம். சாம்பல் ஓநாய் 30 கிலோவுக்கு மேல் போகும். மூக்கு சதுரமாகத் தடித்திருக்கும், காதுகள் குட்டையாக வட்டமாக இருக்கும், பாதம் மிகப் பெரிது. ஆனால் அல்கொன்குயின் மாகாணப் பூங்காவிலும் அதைச் சுற்றியும் வாழும் அல்கொன்குயின் ஓநாய் உருவில் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பழகிய கண்ணும் அங்கே தடுமாறும்; மரபணுச் சோதனைதான் முடிவு சொல்லும். அந்தப் பூங்காவிலும் அதை ஒட்டிய ஊர்ப் பகுதிகளிலும் ஓநாயோடு கயோட்டியையும் வேட்டையாடக் கூடாது என்று ஒன்ராறியோ அரசு விதித்திருப்பது இதனால்தான். கோடை விடுமுறைக்கு அங்கே முகாமிடச் செல்லும் குடும்பங்கள், கண்டது எது என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் திரும்பினால் அதில் குறையொன்றும் இல்லை.

சில வேளைகளில் எந்த விலங்கு என்றே சொல்ல முடியாத ஓர் உருவம் தெருவில் நடக்கும்: முடி கொட்டி, தோல் சாம்பல் நிறத்தில் தடித்து, வால் எலிவால்போல் ஆகி, கண் இடுங்கி. அது பெரும்பாலும் சொறி பிடித்த கயோட்டி அல்லது நரி. சார்கொப்டிஸ் என்ற நுண்பூச்சி தோலுக்குள் துளைத்துச் சென்று முட்டையிடுவதால் வரும் நோய் இது. முடியிழந்த விலங்கு குளிர் தாங்காமல் வீட்டுச் சுவர்களின் சூட்டையும், பட்டப்பகல் வெயிலையும் தேடி வரும். அது மனிதரைத் தேடி வருவதல்ல.

பார்க்க விரும்புவோர் எங்கே போக வேண்டும்? ரொறன்ரோ பள்ளத்தாக்குகளின் நகரம். ரூஜ், ஹைலண்ட் கிரீக், டொன், ஹம்பர் ஆகிய நீரோட்டங்கள் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பின்னால் மரமடர்ந்த பள்ளங்களாக ஒன்ராறியோ ஏரிவரை இறங்குகின்றன. கயோட்டிக்கு அவைதாம் நெடுஞ்சாலைகள். ரயில் பாதைகள், ஸ்காபுறோவை ஊடறுத்துச் செல்லும் மின்கோபுரப் புல்வெளிகள், கோல்ஃப் திடல்கள், இடுகாடுகள் ஆகியவை அவற்றோடு இணையும் கிளைச் சாலைகள். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா, மோர்னிங்சைட் பூங்கா, ஏரிக்குள் நீண்டு கிடக்கும் டொமி தொம்சன் பூங்கா ஆகிய மூன்றும் பொறுமையாகப் பார்ப்பவருக்கு ஏற்ற இடங்கள். டொமி தொம்சன் பூங்காவுக்குள் நாய்களைக் கொண்டுவர அனுமதியில்லை. அதனால் விலங்குகள் அங்கே அச்சமின்றித் திரிகின்றன.

காலம் என்று கேட்டால், ஜனவரி, பெப்ரவரி. இலையுதிர்ந்த மரங்களுக்கிடையே பார்வை தொலைவுவரை செல்லும்; பனியின் வெண்மையில் பழுப்பு உருவம் தனித்துத் தெரியும்; இணைசேரும் பருவமாதலால் விலங்குகள் அதிகம் நடமாடும். நேரம், விடியலும் அந்தியும். புல்வெளியின் ஓரத்தில் அசையாமல் நின்று பார்ப்பவர், அதிர்ஷ்டம் இருந்தால் வேட்டையையும் காணலாம். கயோட்டி திடீரென நின்றுவிடும். தலை சாயும், இரண்டு காதுகளும் பனியின் ஒரு புள்ளியை நோக்கி முன்னால் வளையும். அப்புறம் நான்கு கால்களும் தரையை விட்டு எழும்ப, வில்லாக வளைந்து பாய்ந்து, முன்பாதங்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து பனிக்குள் குத்தும். அதனடியில் ஓடிய வயல் எலி அநேகமாக அகப்பட்டிருக்கும்.

விலங்கைக் காணாமலே அதை அறியும் வழி தடம். புதுப்பனி விழுந்து ஓய்ந்த மறுநாள் காலை இதற்கு மிகச் சிறந்த நேரம். கயோட்டியின் முன்பாதத் தடம் 6 முதல் 7 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அளவு அகலமும் கொண்ட நீள்வட்டம். நான்கு விரல்கள், நடு விரல்கள் இரண்டின் நகங்களும் ஒன்றையொன்று நெருங்கி நேரே முன்னோக்கியிருக்கும். பக்க விரல்களின் நகம் பல தடங்களில் பதிவதே இல்லை. விரல்களுக்கும் அடிப்பாத மெத்தைக்கும் இடையே உயர்ந்து நிற்கும் பனியை உற்றுப் பார்த்தால் பெருக்கல் குறி ஒன்று தெரியும். நாயின் தடம் வட்டமாக விரிந்திருக்கும். நான்கு நகங்களும் தடித்துப் பதியும், விரல்கள் பக்கவாட்டில் பிரிந்திருக்கும். பூனைத் தடத்தில் நகமே தெரியாது. செந்நரியின் பாதத்தில் முடி அடர்ந்திருப்பதால் அதன் தடம் சிறியதாகவும் விளிம்பு கலங்கியும் காணப்படும். குழந்தைக் கைபோல ஐந்து நீண்ட விரல்கள் பதிந்திருந்தால் அது ரக்கூன்.

ஒரு தடத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. தடங்கள் செல்லும் போக்கைப் பார்க்க வேண்டும். கயோட்டி சீராக ஓட்டநடையில் போகும்போது முன்கால் பதிந்த குழியிலேயே பின்கால் விழும். தடங்கள் ஏறத்தாழ ஒரே கோட்டில், நூல் பிடித்தாற்போலச் செல்லும். ஆழ்ந்த பனியில் புதுக் குழி தோண்டும் உழைப்பு இதனால் மிச்சமாகிறது. உணவுக்காக நாள்தோறும் பல கிலோமீற்றர் நடக்க வேண்டிய விலங்கு அது. வீட்டு நாய்க்கு அந்தக் கவலை இல்லை. அது வளைந்து, வட்டமிட்டு, மரத்துக்கு மரம் ஓடி, எசமானின் காலடியோடு கலந்து திரும்பும். மனிதக் காலடி அருகில் இல்லாமல், உறைந்த ஓடையின் நடுவே நேர்கோட்டில் செல்லும் நீள்வட்டத் தடங்களைக் கண்டால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. படம் எடுப்பவர் தடத்தின் பக்கத்தில் இரண்டு டொலர் நாணயம் ஒன்றை வைத்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். அதன் விட்டம் 28 மில்லிமீற்றர். அளவுகோல் இல்லாத படத்தைக் கொண்டு எவராலும் எதையும் உறுதிப்படுத்த முடியாது.

அடுத்த சான்று எச்சம். கயோட்டி அதைப் பாதையின் நடுவிலோ இரண்டு பாதைகள் கூடும் இடத்திலோ விட்டுச்செல்லும். அது அதன் எல்லை அறிவிப்பு. கயிறு முறுக்கினாற்போல, நுனி கூர்ந்து, முயல் முடியும் எலும்புத் துணுக்கும் கலந்திருக்கும். கோடை முடிவில் அதே எச்சம் கருமையாக, காட்டுப் பழங்களின் விதைகளும் ஆப்பிள் தோலும் நிறைந்து காணப்படும். கயோட்டி இறைச்சி மட்டும் தின்னும் விலங்கு அல்ல. சிக்காகோ நகரை உள்ளடக்கிய குக் கவுண்டியில், ஓகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி கெர்ட் 2000ஆம் ஆண்டிலிருந்து நகரக் கயோட்டிகளை ஆராய்ந்து வருகிறார். அந்தத் திட்டத்தில் 1,429 எச்ச மாதிரிகளைப் பிரித்துப் பார்த்தபோது 42 விழுக்காட்டில் எலி வகைகளும், 23 விழுக்காட்டில் பழங்களும், 22 விழுக்காட்டில் மானும், 18 விழுக்காட்டில் முயலும் இருந்தன. மனிதரிடமிருந்து கிடைத்த உணவின் தடயம் 2 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. நகரக் கயோட்டி குப்பையை நம்பியே பிழைக்கிறது என்ற எண்ணத்துக்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை.

எச்சத்தைக் கையால் தொடவே கூடாது. குச்சியால் கிளறி முகத்தை அருகில் கொண்டுபோவதும் கூடாது. எக்கினோகொக்கஸ் மல்ட்டிலொக்குலாரிஸ் என்ற நாடாப்புழு தெற்கு ஒன்ராறியோவின் கயோட்டிகளிலும் நரிகளிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாது. மனித உடலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்து ஈரலைத் தாக்கும். பாதையோரம் கிடப்பதையெல்லாம் முகரும் நாய்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இரவில் கேட்கும் ஒலியைப் பற்றிய தவறான எண்ணங்கள் ஏராளம். தனிக் கயோட்டி குரைக்கும், நீட்டி ஊளையிடும். சோடியாகவோ குடும்பமாகவோ சேர்ந்தால் ஊளையும் கீச்சொலியும் குரைப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவரும். ஒவ்வொரு விலங்கும் தன் குரலின் ஏற்ற இறக்கத்தை நொடிக்கு நொடி மாற்றுகிறது. அந்த ஒலி மரங்களிலும் பள்ளத்தின் சரிவுகளிலும் பட்டு எதிரொலிக்கிறது. இரண்டே விலங்குகள் ஏழெட்டுப்போல் கேட்பது இதனால்தான். பத்துப் பதினைந்து கயோட்டிகள் வீட்டுக்குப் பின்னால் கூடிவிட்டன என்று அழைப்பவர்கள் பொய் சொல்வதில்லை. காது அப்படித்தான் ஏமாறுகிறது. இரையைக் கொன்றுவிட்டுக் கொண்டாடுகின்றன என்பதும் சரியல்ல. பிரிந்தவை கூடும்போதும், அடுத்த குடும்பத்துக்கு எல்லையை உணர்த்தவும் அவை கத்துகின்றன. அம்புலன்ஸ் சங்கொலிக்குப் பதில் ஊளையிடுவதும் உண்டு.

பெப்ரவரியை ஒட்டி இணைசேர்ந்த பின் சுமார் 63 நாளில், ஏப்ரலிலோ மே தொடக்கத்திலோ குட்டிகள் பிறக்கும்; பெரும்பாலும் 4 முதல் 7 வரை. ஆணும் பெண்ணும் சேர்ந்தே வளர்க்கின்றன. சிக்காகோவில் நடந்த மரபணு ஆய்வில், சோடிகள் துணை மாறியதற்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை. வளை என்பது ஆண்டு முழுவதும் வாழும் வீடல்ல; குட்டிகளுக்கான காலத்தில் மட்டும் பயன்படும் இடம். நீர் தேங்காத சரிவில் தாமே தோண்டியதோ, கிரவுண்ட்ஹொக் விட்டுச்சென்ற பொந்தை அகலப்படுத்தியதோ, விழுந்த மரத்தின் அடியோ அதுவாக இருக்கலாம். மற்ற மாதங்களில் கயோட்டி புதர் மறைவில் திறந்த வெளியிலேயே உறங்குகிறது. சின்னக் குட்டிகள் கருப்பழுப்பு நிறத்தில், வட்ட முகத்தோடு, நாய்க்குட்டியைப் போலவே இருக்கும். கைவிடப்பட்ட நாய்க்குட்டி என்று எண்ணி எடுத்துவந்துவிட்டால், தாயும் தகப்பனும் பக்கத்துப் புதருக்குள் இருந்தும் பயனில்லாமல் போகும். நரிக்குட்டியின் வால்நுனியில் குட்டிப் பருவத்திலேயே வெள்ளை தெரியும். கயோட்டிக் குட்டிக்கு அது கிடையாது.

வளையைக் கண்டவர் செய்ய வேண்டியது ஒன்றே: திரும்பிப் போய்விடுவது. இடத்தைச் சொல்லி ஒரு படம் வெளியானால் அடுத்த வார இறுதியில் கமராக்களோடு கூட்டம் வந்துவிடும். தொந்தரவு மிகுந்தால் தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறும். அந்த மாற்றத்தில் குட்டிகள் இறக்கின்றன. கண்ட உயிரினங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியில் பதிவிடுவோர் இடத்தை மங்கலாக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். வசந்த காலத்தில் நாயோடு நடப்பவரைக் கயோட்டி ஒன்று சற்றுத் தொலைவிலேயே பின்தொடர்ந்து வந்து, ஓரிடத்தில் நின்றுவிடுவதும் உண்டு. அது வேட்டையல்ல. வளை பக்கத்தில் இருக்கிறது, இவர் போய்விட்டாரா என்று உறுதிசெய்துகொள்கிறது. நிற்காமல், ஓடாமல், வந்த வழியே போய்விடுவதே பொருத்தம்.

ஊருக்குள் அது வாழ்வதற்கு எலியும் முயலும் அணிலும் பழமும் மறைவிடமும் போதும். சிக்காகோ ஆய்வின்படி ஒரு நகரக் குடும்பத்தின் எல்லை சராசரி 5 சதுர கிலோமீற்றர். குடும்பமில்லாமல் அலையும் தனி விலங்கு சராசரி 26 சதுர கிலோமீற்றருக்கு மேல் சுற்றுகிறது. ஒரே வாரத்தில் நான்கு தெருக்காரர்கள் கண்டது ஒரே விலங்காக இருக்கலாம் என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன. பகலில் தென்படுவது மட்டுமே நோயின் அறிகுறி ஆகாது. மனிதரைத் தவிர்க்கவே நகரக் கயோட்டி இரவை விரும்புகிறது. குட்டிகளுக்கு இரை தேடும் காலத்தில் பகலிலும் வெளிப்படும். ஆளைக் கண்டதும் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தால் அது இயல்பான விலங்கு. ஆளை நோக்கி நேராக வந்து, கையைப் பார்த்து நின்றால், யாரோ அதற்கு உணவு கொடுத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

உணவு கொடுப்பதைப் பற்றித் தமிழ் வீடுகளுக்கு நேராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விரத நாளில் காகத்துக்குச் சோறு வைத்த பிறகு உண்பது பலருடைய வழக்கம். வேலியோரம் தரையில் வைக்கும் சோற்றைக் காகம் தின்று முடிப்பதற்குள் அணிலும் எலியும் வருகின்றன. அவற்றைத் தேடிக் கயோட்டி வருகிறது. மிஞ்சிய இறைச்சிக் கறியைக் கொல்லையில் கொட்டினால் எலிகூட இடையில் தேவையில்லை. ரொறன்ரோவில் 2023 முதல் காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பதை நகரத் துணைச்சட்டம் தடைசெய்கிறது. பாட்டுப் பறவைகளுக்கான தீவனக் கூண்டுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. தரையில் கொட்டும் உணவுக்கு இல்லை. காகத்துக்குப் படைப்பவர்கள் சிறிதளவு, உயரத்தில், பகலில் வைத்து, மிஞ்சியதை உடனே எடுத்துவிடுவது நல்லது. பூட்டாத பச்சைக் கழிவுத்தொட்டி, மரத்தடியில் விழுந்த பேரிக்காய், வாசலில் வைத்த பூனைச் சாப்பாடு ஆகியவையும் இதே கணக்கில் சேரும்.

மனிதரைக் கயோட்டி கடிப்பது அரிது. கனடா, அமெரிக்கா இரண்டிலும் சேர்த்துப் பதிவான உயிரிழப்புகள் இரண்டு: 1981இல் கலிபோர்னியாவில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று, 2009 ஒக்ரோபரில் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் தேசியப் பூங்காவில் தனியே நடந்த 19 வயதான ரொறன்ரோப் பாடகி ரெய்லர் மிச்செல். சிறு நாய்களுக்கும் வெளியே திரியும் பூனைகளுக்கும் ஆபத்து உண்மையானது. 2024-25 குளிர்காலத்தில் நகர மையத்தை ஒட்டிய லிபர்ட்டி வில்லேஜ், ஃபோர்ட் யோர்க் பகுதிகளில் வளர்ப்பு நாய்கள் தொடர்ந்து தாக்கப்பட்டன. நாயை இரண்டு மீற்றருக்கு மேற்படாத வாரில் பிடித்திருப்பது நகரத்தின் விதியும்கூட. நீண்டு சுருங்கும் வாரில் நாய் தொலைவுக்குப் போனபின் இழுத்துக் காப்பாற்ற நேரம் கிடைக்காது.

கயோட்டி எதிரே வந்தால் ஓடவோ முதுகைக் காட்டவோ கூடாது. சிறு பிள்ளையையும் சிறு நாயையும் தூக்கிக்கொள்ள வேண்டும். கைகளை உயர்த்தி, உரத்த தடித்த குரலில் அதட்ட வேண்டும். குடையைச் சட்டென்று விரிப்பதும், பெரிய குப்பைப் பையை உதறுவதும் நன்றாகப் பலிக்கும். பார்வையை எடுக்காமல் மெல்லப் பின்னால் நகர வேண்டும். வளையின் அருகிலும், காயம்பட்ட அல்லது சொறி பிடித்த விலங்கிடமும் இந்த அதட்டல் வேண்டாம். அவற்றை விட்டு விலகுவதே சரி.

"பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விடலாமே" என்ற கேள்வி எல்லாக் கூட்டங்களிலும் எழுகிறது. ஒன்ராறியோ சட்டப்படி, பிடிபட்ட காட்டு விலங்கைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே விட வேண்டும். கொன்றாலும், காலியான எல்லைக்குள் சில வாரங்களில் வேறொன்று வந்துவிடுகிறது. ஈர்க்கும் உணவை அகற்றாதவரை விலங்கு மாறுமே தவிர நிலைமை மாறாது.

ரொறன்ரோவில் முறைப்பாட்டுக்கு 311. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911. பூங்காவில் தூரத்தில் நடந்துபோன கயோட்டிக்காக யாரையும் அழைக்கத் தேவையில்லை. காயம், சொறி, ஆளை நெருங்கி வரும் துணிவு, நாய்மேல் பாய்ச்சல், யாரோ தொடர்ந்து உணவு வைக்கும் இடம் ஆகியவற்றைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். அறிவிக்கும்போது இடம், நேரம், எண்ணிக்கை, வாலின் நிலை, முடியின் நிலை, அருகில் நாய் இருந்ததா, உணவு கிடந்ததா, ஆளைக் கண்டதும் அது என்ன செய்தது என்ற விவரங்களையும் சேர்த்துச் சொல்லுமாறு எல்லாக் குடும்பங்களையும் இம்மடல் கேட்டுக்கொள்கிறது.